புழுங்கல் அரிசியும் ஒரு துணை நொதியும்

தயமின் பைரோபாஸ்பேட் என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு அறையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பெயருக்கும் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதில் நம் மாநிலத்தின் பங்கும் சிறிதன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெரிபெரி என்பது கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிரைக் குடிக்கும் நோய். நீராவி ஆலைகளில் வெண்மையாகத் தீட்டிய அரிசி பரவிய இடங்களிலெல்லாம் இதுவும் பரவியது. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் துவள்வதையும், தவிடு போகாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். இதற்காக 1929-இல் நோபல் பரிசில் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருளை 1926-இல் யான்சன், டோனாத் என்னும் இருவர் படிகமாகப் பிரித்தனர். அதன் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் பக்கத்து நெல்லூர்! பிறந்த ஆண்டு 1886.

நெல்லூர் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி வாட்டியது வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களைத்தான். அதே மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் ஏழை எளியவர்களும் சோற்றையே நம்பி வாழ்ந்தனர். ஆயினும் அங்கே இந்நோய் தலைகாட்டவில்லை. ஏன்? குன்னூரில் இதற்கு விடை தேடினார்கள். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வகங்களாக வளர்ந்தது. பின்னர் அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் அரிசி வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். வடசர்க்கார் மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. நம்மவர் உண்டது புழுங்கல். வேறுபாடு இதுதான். (அந்த ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. நமக்கு அது இழப்புதான்.)

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்தும் முளைக்கருவிலிருந்தும் அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுப்பொருள் இறுகிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஐதராபாத் நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலில் 0.21. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு முதலாவதில் 0.24, இரண்டாவதில் 0.84 கிடைக்கும். உடலுக்கு வேண்டியதோ ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். வாழ்வும் சாவும் இந்தச் சிறு இடைவெளியில் இருந்திருக்கின்றன.

இத்தனை சிறிய அளவு என்ன செய்துவிடும்? 1937-இல் லோமன், ஷூஸ்டர் என்ற ஜெர்மானியர் இருவர் விடை கண்டனர். ஈஸ்ட்டில் உள்ள ஒரு துணை நொதி, தயமினோடு இரண்டு பாஸ்பேட் சேர்ந்ததுதான் என்று காட்டினர். சர்க்கரை உடைந்து பைருவிக் அமிலமாகிறது. அதிலிருந்து கரியமில வாயுவை நீக்கி அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் நொதிக்கு இந்தத் துணை இன்றியமையாதது. துணை இல்லையேல் பைருவேட் தேங்கும். ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ், தயமின் குறைந்த புறாக்களின் மூளையில் இந்தத் தடையைக் கண்டு காட்டினார். சர்க்கரையையே பெரிதும் நம்பியிருக்கும் நரம்பு முதலில் அடிபடுவதில் வியப்பில்லை. துணை நொதி வேலை முடிந்ததும் மீண்டும் பயன்படுவதால் சிறிதளவே போதும். ஆனால் நாள்தோறும் கொஞ்சம் சிறுநீரோடு போய்விடும். உடலில் சேமிப்பும் குறைவு.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் என்னுடையது. ஏரிப் பாசன நிலங்களில் பல இன்று தொழிற்சாலைகள். என் ஆயா அண்டாவில் நெல் அவித்தவர். ஏன் அவிக்க வேண்டும் என்று கேட்டேன். "பச்சையாக் குத்துனா நொய்யாப் போயிடும்டா, வண்டும் சீக்கிரம் வுழும்" என்றார். நம் முன்னோர் வைட்டமினை அறிந்தே நெல்லை அவித்தனர் என்று மேடையில் முழங்குவோர் ஆயாவின் பதிலைக் கேட்பது நல்லது. நொய்க்குப் பயந்து செய்த வேலை நரம்பையும் காத்தது.

இன்று எங்கள் ஊர் வாடகை அறைகளில் ஷிப்டுக்குப் போகும் இளைஞர்கள் நான்கைந்து பேராகத் தங்கிச் சமைக்கிறார்கள். ஆந்திர நண்பர் பச்சரிசி கேட்பார். நம்மவர் புழுங்கல் கேட்பார். பருப்பும் முட்டையும் கடலையும் உடன் இருந்தால் எந்த அரிசியானாலும் கவலையில்லை. தயமின் அவற்றிலும் உண்டு. மாதக் கடைசியில் அவை தட்டிலிருந்து மறைந்து, சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும் நாட்களைப் பற்றியே நான் யோசிக்கிறேன். இரவு ஷிப்டு முடித்து வரும் என் அண்ணன் பச்சரிசியை வெள்ளையாகும்வரை நான்கு முறை களைந்து, கஞ்சியை வடித்து வாய்க்காலில் கொட்டுவான். இருந்த 0.06-இலும் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. சென்ற மாதம் கணக்குப் போட்டுக் காட்டினேன். புழுங்கலுக்கு மாற மறுத்துவிட்டான், வாடை பிடிக்கவில்லையாம். களைவதை மட்டும் இரண்டு முறையாகக் குறைத்திருக்கிறான்.