பந்து ஓடும் தரை

நமது தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினர்.

திறமை மட்டும் போதாதா? போதாது. மண்தரையில் பந்து மேடுபள்ளங்களில் துள்ளும். உராய்வினால் அதன் வேகம் விரைவில் குறையும். நீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் உராய்வு குறைவு. ஆதலால் சுமார் 160 கிராம் நிறையுள்ள பந்து சீராகவும் விரைவாகவும் ஓடும். 1976 மாண்ட்ரீல் முதல் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில்தான் நடைபெறுகிறது. அந்த வேகத்துக்குக் கண்ணும் கையும் இளமையிலேயே பழகவேண்டும். திறமையுள்ள சிறுவருக்கு அத்தரை பன்னிரண்டு வயதில் கிடைக்கிறதா, இருபதிலா என்பதே கேள்வி. தரை, பயிற்சியாளர், உணவு, படிப்பு நான்கையும் ஓரிடத்தில் சேர்ப்பதே விடுதியின் பயன்.

செய்து பாருங்கள்: சாய்பலகையின் ஒரே உயரத்திலிருந்து ஒரு பந்தை மணலிலும் சிமெண்ட் தரையிலும் உருட்டி, ஓடிய தூரங்களை ஒப்பிடுக.