கிளப்புல நிதி கேட்கப் போறீங்களா?

ஜூலை முதல் தேதி காலர் போட்டுக்கிட்டு ரோட்டரி கிளப் தலைவரா பொறுப்பேத்திருக்கிற தம்பி, தங்கைகளுக்கு இந்த அக்கா முதல்ல சொல்றது இதுதான். மைக்கைப் பிடிச்சு, "எல்லாரும் தாராளமா கொடுங்க"ன்னு பொத்தாம்பொதுவா கேட்காதீங்க. பக்கத்து நாற்காலிக்காரர் கொடுப்பார்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்குவாங்க. கை தட்டிட்டு, சாப்பிட்டுட்டு, வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. கடைக்கோ வீட்டுக்கோ நேர்ல போங்க. இன்ன வேலைக்கு இவ்வளவு வேணும்னு கேளுங்க. போறதுக்கு முன்னாடி உங்க பங்கையும் போர்டு உறுப்பினர்கள் பங்கையும் எழுதி முடிச்சிருக்கணும். "நீங்க எவ்வளவு போட்டீங்க?"ன்னு அவர் கேட்டா, பதில் கையில இருக்கணும்.

கண் சிகிச்சை முகாமையே எடுத்துக்கோங்க. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரியான இடங்கள்ல இருந்து டாக்டர் குழு வருது. கண்புரை ஆபரேஷன் தேவைப்படுறவங்களை அன்னைக்கே பஸ்ல கூட்டிட்டுப் போய், ஆபரேஷன் பண்ணி, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுறாங்க. நோயாளிக்கு ஒரு பைசா செலவில்லை. முகாம் நடக்கிற இடம், நோட்டீஸ், ஆட்டோவுல மைக் கட்டி ஊர் ஊராச் சொல்றது, இதெல்லாம் ஏற்பாடு பண்ற கிளப்போட பொறுப்பு. அந்தச் செலவை "முகாம் நிதி"ன்னு மொத்தமா கேட்டா யாருக்கும் எதுவும் தோணாது. பிரிச்சுக் கேளுங்க. அச்சகம் வச்சிருக்கிறவர்கிட்ட நோட்டீஸ். மண்டபக்காரர்கிட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில ஹால். மெஸ் நடத்துறவர்கிட்ட இட்லி, பொங்கல். மாசச் சம்பளக்கார டீச்சர்கிட்ட ஆட்டோ வாடகைக்கு 500 ரூபாய்.

500 ரூபாய்தானேன்னு அவரை விட்டுடாதீங்க. உலகத்துக்கே நல்லது பண்ண ஒரு நிதி வேணும்னு 1917-ல, அப்போ ரோட்டரித் தலைவரா இருந்த ஆர்ச் கிளம்ப் யோசனை சொன்னப்புறம், இன்னைக்கு ரோட்டரி ஃபவுண்டேஷனா வளர்ந்திருக்கிற அந்த நிதிக்கு வந்த முதல் தொகை வெறும் 26 டாலர் 50 சென்ட். கொடுத்தது அமெரிக்காவுல கான்சஸ் சிட்டி கிளப். 1985-ல போலியோவை ஒழிக்கிற போலியோ பிளஸ் திட்டத்தைக் கையில எடுத்து நடத்தினது அதே ரோட்டரிதான்.

அடுத்தது, எனக்கு அறவே பிடிக்காத ஒரு வழக்கம். மொய் வாசிக்கிற மாதிரி, இன்னார் இவ்வளவுன்னு கூட்டத்துல தொகையோட படிக்கிறாங்க. அந்த வருஷம் வியாபாரம் படுத்துப்போன ஒருத்தர், தன் பேருக்குப் பக்கத்துல சின்னத் தொகை வருமேன்னு கூசி, அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டார். நிதியும் போச்சு, நல்ல உறுப்பினரும் போச்சு. பேரை மட்டும் அகர வரிசையில படிங்க, போதும். ஆயிரம் டாலர் கொடுத்து பால் ஹாரிஸ் ஃபெலோ ஆனவங்களுக்கு மேடையில பின் குத்துறது நியாயமான மரியாதை. அதே மேடையில, முகாமன்னைக்கு விடிகாலையில வந்து நாற்காலி போட்டவருக்கும் ஒரு துண்டு போர்த்துங்க.

கொடுத்தவங்களை முகாமுக்கு வரவைங்க. நோட்டீஸ் அடிச்சுக் கொடுத்த அச்சகக்காரர், அதை நாலா மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்த பாட்டியைப் பார்க்கட்டும். பேர் எழுதுற மேஜையில உட்காரட்டும். பாட்டியோட கையைப் பிடிச்சு பஸ் படி ஏத்தி விடட்டும். ஒரு மாசம் கழிச்சு மறுபரிசோதனைக்கு அவங்க வரும்போது இவருக்கும் போன் பண்ணுங்க. அடுத்த முகாமுக்கு நீங்க கேட்க வேண்டியிருக்காது, தேதி என்னன்னு அவரே கேட்பார்.

வீட்டுக்காரம்மாவையும் கூப்பிடுங்க. பெண்களை உறுப்பினரா சேர்க்கிற முடிவையே ரோட்டரி 1989-லதான் எடுத்துச்சு. இன்னும் சில ஊர்ல உறுப்பினர்களோட மனைவிமாரை "ஆன்ஸ்"னு சொல்லி விருந்துக்கு மட்டும்தான் அழைக்கிறாங்க. அது எனக்கு வருத்தமா இருக்கு. வீட்டுல காசு எங்கே போகணும்னு பாதி முடிவு அவங்களோடது. திட்டத்தை அவங்ககிட்டயும் விளக்குங்க.

அக்டோபர் 24, உலக போலியோ தினம் நெருங்கும்போது ஒருத்தர் நிச்சயம் கேட்பார், "நம்ம நாட்டுலதான் போலியோ இல்லையே, இன்னும் எதுக்குப் பணம்?"னு. கோபப்படாதீங்க, நியாயமான கேள்வி. இந்தியாவுல இயற்கையா பரவுற போலியோ வைரஸ் கடைசியா தாக்கினது 2011 ஜனவரியில, மேற்கு வங்கத்து ஹௌராவுல ஒரு குழந்தைக்கு. போலியோ இல்லைன்னு சான்றிதழ் கிடைச்சது 2014 மார்ச்ல. ஆனா ஆப்கானிஸ்தான்லயும் பாகிஸ்தான்லயும் அந்த வைரஸ் இன்னும் ஒழியலை. பயணம் போறவங்க மூலமா அது திரும்ப வரலாம். போலியோவுக்கு ரோட்டரி திரட்டின ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை ரெண்டு டாலர் சேர்த்துப் பல வருஷமா கொடுத்து வந்திருக்குங்கிறதையும் சொல்லுங்க.

இனி கணக்கு. சந்தாப் பணமும் சேவைப் பணமும் ஒரே வங்கிக் கணக்குல கலக்கவே கூடாது. கலந்தா, நம்ம காசுலதான் ஃபெலோஷிப் டின்னர் நடக்குதுன்னு பேச்சு வரும், வந்தா அடங்காது. முகாம் முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள வரவு, செலவு, மிச்சம் மூணையும் பில்லோட வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க. வரிவிலக்கு உண்டுன்னு எல்லாரையும் ஒரே மாதிரி ஆசைகாட்டாதீங்க. 80ஜி பதிவுள்ள அறக்கட்டளை வழியா கொடுத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கழிவு கிடையாது. புதிய வரித்திட்டத்துல இருக்கிறவங்களுக்கு அந்தக் கழிவே இல்லை.

வெளிநாடு போன பழைய உறுப்பினர்கள்கிட்ட கேட்கிறதா இருந்தா, இப்ப எந்த நாட்டு பாஸ்போர்ட்னு முதல்லயே விசாரிச்சுக்கோங்க. இந்தியக் குடிமகனா இருந்து தன் சொந்தச் சேமிப்புல இருந்து வங்கி வழியா அனுப்பினா சிக்கலில்லை. வேற நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தா அது வெளிநாட்டு நன்கொடை. அதுக்குரிய எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கவே கூடாது. பணம் வந்தப்புறம் ஆடிட்டர்கிட்ட ஓடாம, கேட்கிறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை பேசிடுங்க.