மரத்துப்போன கைகளும் வேலையும்

தொழுநோய் கூட்டு மருந்தினால் முற்றிலும் குணமாகிறது. ஆனாலும் நரம்பு கெட்ட கைக்கு உணர்வு திரும்பாமலே போகலாம். சூடான பாத்திரத்தைப் பிடித்தவர், கொப்புளத்தைக் கண்ட பிறகே சுட்டதை அறிகிறார். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பலர் மறைத்துவிடுகிறார்கள்.

வெளியே விகாரம் தெரியாவிட்டாலும், குணமானவரின் உணர்வற்ற கைகால்களை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது. அரசு நிறுவனங்கள் தகுந்த வசதி செய்துதர வேண்டும். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கலாகாது. தனியாரிடம் இவ்வளவு உறுதி இல்லையே என்பது எங்கள் வருத்தம்.

கேட்பதோ சிறிது: தடித்த கையுறை, துணி சுற்றிய கைப்பிடி, காயம் பார்க்கச் சில நிமிடங்கள். நோயின் முழுக்கதையும் வேண்டாம். "என் கைக்குச் சூடு தெரியாது, இன்னது தேவை" என்று எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொண்டால் போதும். உங்கள் சபையில் பட்டறை, ஓட்டல் நடத்துவோரிடமும் இதைப் பேசுங்கள்.