ஹாவ் வரும் இடம், வராத இடம்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய வேலை விண்ணப்பத்தைப் படித்தேன். விஷயத்தை நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் வரும் இடங்களில் தடுமாறுகிறாய். இன்டர்வியூவுக்கு முன் அதைச் சரிசெய்துகொள்.

அமைப்பு எளிது. ஐ, யூ, வி, தே என்றால் ஹாவ். ஹி, ஷி, இட் என்றால் ஹாஸ். அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். பள்ளியில் 'ரைட், ரோட், ரிட்டன்' என்று ஒப்பித்தாயே, அதில் கடைசிச் சொல். 'ஐ ஹாவ் ரோட்' பிழை. 'ஐ ஹாவ் ரிட்டன்' சரி. 'வாக்' போன்ற வினைகளுக்கு இரண்டாம் வடிவமே மூன்றாவதும். மற்றவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், குறுக்குவழி கிடையாது.

எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் கவனம் தேவை. செயல் முன்பே நடந்தது, ஆனால் பேச்சு இன்றைய நிலையைப் பற்றியது என்றால் இந்த டென்ஸ். 'ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ' என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை, இப்போது கதவைத் திறக்க வழியில்லை என்று பொருள். எப்போது தொலைந்தது என்பது அங்கே பேச்சில்லை. முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹாவ் வராது: 'ஐ லாஸ்ட் மை கீ யெஸ்டர்டே'. 'அகோ', 'லாஸ்ட் வீக்' எல்லாம் இதே கணக்குதான். 'டுடே', 'திஸ் வீக்' இன்னும் முடியாதவை. அவற்றோடு ஹாவ் வரலாம்.

இப்போது உன் விண்ணப்பத்துக்கு வா. 'ஐ ஹாவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022' என்று எழுதியிருக்கிறாய். 2022 முடிந்துபோன ஆண்டு. ஆண்டு வேண்டுமென்றால் ஹாவை எடுத்துவிடு. ஹாவ் வேண்டுமென்றால் ஆண்டை எடுத்துவிடு. 'நேற்று வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் நம்மவர்கள் பலர் இங்கே வழுக்குகிறார்கள்.

அடுத்த வரி, 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்'. 'இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்னும்போது தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் போதாது. அன்று தொடங்கி இன்றுவரை நீடிப்பதால் 'ஐ ஹாவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்று எழுது. 'ஹாவ் பீன் வொர்க்கிங்' என்றாலும் சரியே. எவ்வளவு காலம் என்பதற்கு ஃபார். எப்போதிலிருந்து என்பதற்கு சின்ஸ்.

இன்னொன்றையும் பிரித்துப் பார். 'ஹி ஹாஸ் கான் டு மதுரை' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. 'ஹி ஹாஸ் பீன் டு மதுரை' என்றால் போய்வந்த அனுபவம் உண்டு. மேனேஜர் எங்கே என்று போனில் கேட்பவரிடம் இதை மாற்றிச் சொன்னால் தகவலே தவறாகிவிடும்.

அமெரிக்கப் படங்களில் 'டிட் யூ ஈட் யெட்?' என்று கேட்பதைக் கேட்டுக் குழம்பாதே. பிரிட்டிஷ் வழக்கில் அது 'ஹாவ் யூ ஈட்டன் யெட்?'. இரண்டும் அவரவர் ஊரில் சரி. நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றுவதால், எழுத்தில் நீயும் அதையே பிடித்துக்கொள்.

விதிகளைப் படிப்பது மட்டும் போதாது, மருமகனே. தினமும் இரவில் அன்று செய்த வேலைகளை ஐந்து வாக்கியங்களாக எழுது. முடிந்துபோன நேரம் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் தேடு. வந்திருந்தால் ஹாவை அடித்துவிட்டு, வினையின் இரண்டாம் வடிவத்தை எழுது. திருத்திய விண்ணப்பத்தை எனக்கு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
மாமா