பயிர்காவல் துவக்கைச் சோதித்துத் திருத்துதல்

நான்கு மாதம் பாடுபட்டு வளர்த்த சோளத்தையும் மரவள்ளியையும் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவில் அழித்துவிடும். இதனைத் தடுப்பதற்கு அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் பலர், அது எவ்வளவு தூரத்துக்குச் செம்மையாய்ச் சுடும் என்பதைச் சோதித்தறிவதில்லை. வெடி தவறினால் தோட்டா வீணாகும். அரைகுறையாய்ப் பட்டாலோ, விலங்கு பற்றைக்குள் கிடந்து வருந்திச் சாகும். தேடிச் செல்பவரையும் தாக்கும்.

துவக்கின் இயல்பு

பயிர்காவலுக்குப் பெரிதும் பயன்படுவது 12 போர் துவக்காகும். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அதன் குழலுக்குப் பொருந்தும். இப்பெயர் அதனாலேயே வந்தது. ரைபிளின் குழலினுள்ளே முறுக்குத் தவாளிப்புகள் உண்டு. அவை ஒரே குண்டைச் சுழற்றி நேராய்ச் செலுத்தும். இத்துவக்கின் குழலோ வழுவழுப்பானது. ஆதலால் சன்னங்கள் குழல்வாயை விட்டதும் பரவும்.

சில குழல்களின் வாய் சற்று ஒடுக்கப்பட்டிருக்கும். 40 யார் (ஏறத்தாழ 37 மீற்றர்) தூரத்தில், 30 அங்குல வட்டத்துள், ஒடுக்கமில்லாக் குழல் நூற்றுக்கு 40 சன்னங்களையும், முழு ஒடுக்கமுள்ள குழல் 70 சன்னங்களையும் இடும் என்பது பொதுக் கணக்கு. ஆயினும் துவக்குக்குத் துவக்கும் தோட்டாவுக்குத் தோட்டாவும் இது வேறுபடும்.

சோதிக்கும் முறை

1. சுடுவதற்குச் சட்டம் இடங்கொடுக்கும் ஓரிடத்தில், உயர்ந்த மண்மேட்டின் முன் நாலடிச் சதுரமான தாளைக் கட்டுக. மேட்டுக்கு அப்பால் ஆளோ மாடோ இல்லையென்பதை உறுதிசெய்க.
2. தாளின் நடுவில் கரும்புள்ளியிட்டு, அதனைச் சுற்றி 10 அங்குல வட்டம் வரைக. பன்றியின் உயிர்நிலை ஏறத்தாழ இவ்வளவே.
3. காவலுக்கு உபயோகிக்கும் தோட்டாவையே இட்டு, முதலில் 20 யாரிலும், பின்னர் 30, 40 யாரிலும் சுடுக. தூரமொன்றுக்கு மூன்று வெடியேனும் வேண்டும். வெடிக்கொரு புதிய தாள் வைக்குக.
4. இரட்டைக் குழலாயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க.

தோட்டாவிலுள்ள சன்னங்களில் பாதியேனும் ஒவ்வொரு முறையும் வட்டத்துள் விழும் மிகக் கூடிய தூரமே உமது துவக்கின் எல்லை. தோட்டாவின் வகை மாறினால் மீண்டும் சோதிக்க வேண்டும்.

குறைகளும் பரிகாரமும்

சன்னக் கூட்டம் புள்ளிக்கு மேலே சென்றால், சுடுபவர் பெரும்பாலும் கன்னத்தைக் கட்டையிலிருந்து உயர்த்தியிருப்பார். இத்துவக்கில் பின்குறி இல்லை, கண்ணே பின்குறி. ஆகவே கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில் அழுந்த வேண்டும். பக்கவாட்டில் விலகினால், விசையைச் சுண்டாது மெல்ல அழுத்திப் பழகுக. கட்டை நீளமாகவோ குட்டையாகவோ இருந்தாலும் குறி பிசகும். கட்டையின் ஆணிகள் தளர்ந்துள்ளனவா எனவும் பார்க்க. குழல் நசுங்கியிருந்தால் தேர்ந்த துவக்குத் தொழிலாளரிடம் காட்டுக. குழலை ஒருபோதும் அரிந்து குட்டையாக்கலாகாது. வாயின் ஒடுக்கம் அதனோடு போய்விடும்.

சுட்டபின் குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுக. அடுத்த முறை சுடுமுன் எண்ணெயைத் துடைத்து, தோட்டா இல்லையெனக் கண்டு, குழலூடே வெளிச்சம் பார்க்க. சுவரில் தொங்கும் துவக்கில் குளவி மண்கூடு கட்டுவதுண்டு. அவ்வடைப்போடு சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். தோட்டாக்களை ஈரம் படாத இடத்தில் வைக்க.

எச்சரிக்கை

பெருஞ்சன்னம் 500 யாருக்கு மேலும் செல்லக்கூடும். சத்தத்தையோ இருளில் மின்னும் கண்களையோ மட்டும் நம்பிச் சுடற்க. அங்கே அயற்காவற்காரர் இருக்கலாம். கட்டுத்துவக்கு வைப்பது குற்றம். அது மனிதரையும் மாட்டையும் வேறுபாடறியாது கொல்லும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

இறுதியாக, சோதனையில் கண்ட எல்லைத் தூரத்தைக் காவற் பரணிலிருந்து அளந்து, நாற்புறமும் வெள்ளை பூசிய கட்டைகளை நாட்டுக. கட்டைக்கு அப்பால் நிற்கும் பன்றியைக் கூவி விரட்டுக, சுடாதீர்.