24இல் 18

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஓர் உடற்கல்வி ஆசிரியர், நம்மவர். அவ்வூரில் அவர் பெயரில் அமைந்த புகழரங்கில் இடம்பெற, 24 பேர் குழுவில் 18 வாக்குகள் வேண்டும். பின்னம் நடத்தும்போது இதை வகுப்பில் செய்துபார்க்கிறேன். பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர் யார்? 24 மாணவர்கள் மடித்த சீட்டில் வாக்களிப்பர். “பாதிக்கு மேல் வந்தால் போதாதா?” என்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் வாக்குக்கு முன்பே ஒரு வடிகட்டல் இருக்கிறதே! செண்டா பெரன்சன் 1892இலேயே பெண்களுக்கு இவ்விளையாட்டைக் கற்பித்த ஆசிரியை. புகழரங்கின் முதல் பட்டியல் 1959இல் வந்தது. அவர் சேர்க்கப்பட்டதோ 1985இல். அதுவரை அதில் ஒரு பெண்கூட இல்லை. ஆகவே முன்மொழிவுப் பட்டியலை நான் எழுதுவதில்லை. கரும்பலகையோரம் வெற்றுத்தாள் ஒட்டிவிடுகிறேன்; யாரும் யார் பெயரையும் காரணத்தோடு எழுதலாம்.