ரிங் செயினில் உங்கள் கைக்கு வரும் ஒரே கண்ணி

கேள்வி: ஐயா, என் 200 சிசி பைக்கில் கம்பெனியில் போட்ட ரப்பர் ரிங் செயின் தேய்ந்துவிட்டது. ராஜபாளையம் மில்லுக்குத் தினமும் ஷிப்டுக்குப் போய்வருகிறேன். வத்திராயிருப்புப் பக்கம் தோப்புக்கு மண்பாதையிலும் ஓட்டுவேன். சாதா செயின் போட்டால் செலவு குறையும் என்கிறார்கள். ரிங் செயினே வாங்கினால் நானே மாட்டலாமா? பழைய லாக்கையே போடலாமா?
– வாசகர், கிருஷ்ணன்கோவில்

பதில்: ரிங் செயினே வாங்குங்கள். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, அதில் தகடு நீள்வதில்லை. உள்ளே பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன; நூற்றுச் சொச்சம் கண்ணிகளிலும் தேய்ந்தது சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. ரிங் செயினில் அந்த இடத்தில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, இருபுறமும் ரப்பர் வளையத்தால் அடைத்திருக்கிறார்கள். மண்பாதைத் தூசி உள்ளே போகாது, கிரீஸ் வெளியே வராது. சாதா செயினில் நீங்கள் விடும் எண்ணெயோடு தூசியும் உள்ளே போய் அரைக்கும்.

கோவை எல்.ஜி.பி.யின் ரோலான், முருகப்பா குழுமத்தின் டைமண்ட் என எதை வாங்கினாலும் முன், பின் பல்சக்கரங்களோடு செட்டாக வாங்குங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினை ஏற்றினால் அதுவும் சீக்கிரமே போய்விடும். தகட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 520 என்றால் பின்னுக்குப் பின் 15.875 மி.மீ., 428 என்றால் 12.7 மி.மீ. நீளத்தைக் கண்ணி எண்ணித்தான் ஒப்பிட வேண்டும். பழையது தேய்ந்து நீண்டிருப்பதால், பக்கத்தில் வைத்து அளந்தால் கணக்குத் தவறும்.

நீங்களே மாட்டலாம். முன் பல்சக்கர நட்டை மட்டும், பழைய செயினைக் கழற்றுவதற்கு முன்பே, கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்தபடி தளர்த்திவிடுங்கள். செயின் போன பிறகு அதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியான லாக், பழையது கூடவே கூடாது. மற்ற எல்லாக் கண்ணிகளையும் தொழிற்சாலை அடைத்துத் தந்துவிட்டது. இந்த ஒன்றை அடைப்பது உங்கள் பொறுப்பு. பெட்டியில் வரும் கிரீஸைப் பின்களில் தாராளமாகப் பூசி, இரண்டு ரிங் போட்டு, பின்பக்கமிருந்து நுழையுங்கள். முன்பக்கம் மீதி இரண்டு ரிங், அதன்மேல் தகடு. ரிங் இல்லாமல் லாக் போட்டுத் தருபவரிடம் வண்டியை விடாதீர்கள். முதலில் தேய்வது அந்த இணைப்புத்தான். தகட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் ரிங் நசுங்கும்; அழுத்துவதற்கு டூல் இருக்கிறது. கிளிப் உட்காரும் பள்ளம் முழுதாகத் தெரியும்வரை அழுத்தினால் போதும். பிறகு அந்தக் கண்ணியை மடக்கிப் பாருங்கள். மற்றவைபோலவே மடங்க வேண்டும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மேல்வரிசையில் அது முன்பக்கம். பெட்டியில் வந்தது ரிவெட் லாக் என்றால், அந்த ஒரு வேலையை மட்டும் ரிவெட் டூல் உள்ள பட்டறையில் கொடுங்கள்.

தளர்வு எவ்வளவு, வண்டியை எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்பதெல்லாம் வண்டிக் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் அளவெடுங்கள். பின்னால் ஆள் ஏறினால் பல வண்டிகளில் செயின் இன்னும் இறுகும். தளர்வு குறைந்தால் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடிவாங்கும். பின் சக்கர அச்சு இரு பக்கமும் ஒரே அளவுக் கோட்டில் இருக்கட்டும். முதல் 500 கிலோமீட்டருக்குள் மறுபடி பாருங்கள்.

பெட்ரோலும் கம்பிப் பிரஷ்ஷும் ரப்பருக்கு ஆகாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, 90 கியர் ஆயில் லேசாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இதை என்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் முதல் கியரில் ஓடவிட்டுத் துணி பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணியோடு விரலும் பல்லுக்குள் போய்விடும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.